பழைய ஹெரால்டும் ஒரு வெற்றுக் கையெழுத்தும்

கேள்வி: 1975-இல் நான் வாங்கிய 1966 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை 1983-இல் தங்கை கல்யாணத்துக்காக ஒரு புரோக்கர் மூலம் விற்றேன். வெற்று ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு சரி, வாங்கியவர் யார் என்றே தெரியாது. இப்போது என்ன விலையானாலும் அதைத் திரும்ப வாங்க ஆசை. ஆர்.டி.ஓ. ஆபீஸில் இன்றைய உரிமையாளரின் முகவரியைத் தர மறுக்கிறார்கள். வண்டி எண்ணையும் போட்டோவையும் உங்கள் பத்திரிகையில் வெளியிட முடியுமா?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், திருச்சி

பதில்: முடியாது. கோபித்துக்கொள்ளாமல் காரணத்தைக் கேளுங்கள். ‘என்ன விலையானாலும்’ என்று எழுதி, கீழே எண்ணையும் அச்சடித்தால் பத்தே நாளில் உங்கள் வாசலில் மூன்று ஹெரால்டு வந்து நிற்கும். மூன்றிலும் அதே எண் இருக்கும். நம்பர் பிளேட் எழுத ஒரு பெயிண்டரும் அரை மணி நேரமும் போதும்.

எனக்கே நடந்தது. எங்கள் அப்பாவின் ஃபியட் 1100-ஐ நானும் ஒரு காலத்தில் தேடினேன். ஒருவர் கொண்டுவந்து காட்டினார். எண் சரி, சாம்பல் நிறம் சரி, எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. கூட வந்த தம்பி மட்டும் பின்சீட்டைத் தூக்கிப் பார்த்தான். பள்ளிக்கூட நாளில் காம்பஸ் முனையால் அந்தத் தகரத்தில் தன் பெயரைக் கீறி, அதற்காக அப்பாவிடம் அவன் வாங்கிய அறை எங்கள் வீட்டில் பிரசித்தம். கீறலைக் காணோம். ‘பெயிண்ட் அடிச்சதுல மறைஞ்சிருக்கும் சார்’ என்றார் வந்தவர். வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் பொறித்திருக்கும் நம்பரைக் கேட்டோம். அப்புறம் அவர் போனையே எடுக்கவில்லை.

அதனால் எண்ணை வேண்டுமானால் நாலு பேரிடம் சொல்லுங்கள், சேஸிஸ் நம்பரை மட்டும் வாய் திறந்து சொல்லாதீர்கள். அதை எதிராளி சொல்ல வேண்டும், நீங்கள் சரிபார்க்க வேண்டும். ஆர்.சி. புக் வண்டியோடு போயிருக்கும். பழைய இன்ஷூரன்ஸ் பாலிசி ஒன்றாவது பீரோவின் அடித்தட்டில் கிடக்கிறதா என்று பாருங்கள், அதில் இருக்கும்.

ஹெரால்டு விஷயத்தில் இது இன்னும் முக்கியம். இங்கிலாந்தில் 1959-இல் ட்ரையம்ஃப் ஹெரால்டாகப் பிறந்து, 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு என்ற பெயரில் தயாரான வண்டி அது. உடம்பு முழுக்க ஒரே வார்ப்பு இல்லை. தனி சேஸிஸ் மீது துண்டு துண்டாக போல்ட் போட்டுப் பூட்டியது. மட்கார்டோடு சேர்ந்து பானெட் மொத்தமும் முன்பக்கமாக முதலை வாய் போலத் திறக்குமே, நினைவிருக்கிறதா? இந்த வசதியால் ஒரு வண்டியின் பாகத்தை இன்னொன்றுக்கு மாட்டுவது சுலபம். உங்கள் பானெட் மதுரையில் ஒரு வண்டியிலும், கதவு சேலத்தில் இன்னொன்றிலும், எஞ்சின் காயலான் கடையிலும் இருக்கக்கூடும். அதில் எதை உங்கள் கார் என்பீர்கள்? சேஸிஸ் எங்கே இருக்கிறதோ அதைத்தான்.

இனி அந்த வெற்று ஃபாரம். அன்று எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்களிடம் வாங்கியவர் பெயர் மாற்றாமலே ஓட்டியிருந்தால், பதிவேட்டில் இன்னும் நீங்கள்தான் சொந்தக்காரர்! பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து நஷ்டஈட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நாற்பது வருடமாக அந்தத் தலைவலி வராதது உங்கள் நல்ல நேரம்.

முகவரி தராத ஆர்.டி.ஓ. ஆபீஸைத் திட்டாதீர்கள். அமெரிக்காவில் 1989-இல் ஒருவன் ஒரு துப்பறிவாளரைப் பிடித்து, மோட்டார் வாகனப் பதிவேட்டிலிருந்து ஓர் இளம் நடிகையின் வீட்டு முகவரியை வாங்கி, வாசலிலேயே அவரைச் சுட்டுக் கொன்றான். 1994-இல் அதற்கென்றே அங்கே சட்டம் வந்தது. உங்கள் நோக்கம் நல்லதுதான். அது கவுன்டரில் இருக்கும் குமாஸ்தாவுக்கு எப்படித் தெரியும்? ‘இப்போது யாரிடம் இருக்கிறது’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘என் பெயரில் இருந்த வண்டிக்குப் பெயர் மாற்றம் நடந்ததா, பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா’ என்று எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். 15 வருடம் தாண்டிய காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்தாக வேண்டும். புதுப்பித்துக்கொண்டே வந்திருந்தால் யாரோ அதைப் பேணுகிறார் என்று பொருள். வேறு மாநிலத்துக்குப் போய் 12 மாதம் தாண்டியிருந்தால் அங்கே புது எண் கொடுத்திருப்பார்கள், உங்கள் பழைய எண்ணை வைத்துக்கொண்டு தேடிப் பயனில்லை.

ஆபீஸைவிட மெக்கானிக்குகளை நம்பலாம். ஹெரால்டைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகள் இன்று குறைவு, எந்த வண்டி எந்த ஊரில் எந்த ஷெட்டில் தூங்குகிறது என்பது அவர்களுக்கு அத்துப்படி. ஸ்பேர் வாங்கப் புதுப்பேட்டைக்கு வந்து போகிறவர்களையும், மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் மாதிரி பழைய கார்க்காரர்களையும் விசாரியுங்கள். 50 வருடம் கடந்து, அசல் வடிவம் மாறாத வண்டிகளுக்கு 2021-இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். உங்கள் எண் பிழைத்திருக்க அது ஒரு காரணமாகலாம். தினசரி ஓட்டத்துக்கு மட்டும் அந்த விதியில் இடமில்லை.

வண்டி கிடைத்தே விட்டால்? நீங்கள் வைத்திருந்தது எட்டு வருடம். கிடைக்கிற இடத்தில் ஒருவர் முப்பது வருடமாக அதற்கு ரப்பர் பீடிங் தேடி அலைந்திருப்பார். அவரிடம் போய் ‘என் கார்’ என்று ஆரம்பித்தால் கேட்டுக்கு வெளியிலேயே நிற்க வேண்டியதுதான். செக் புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு போட்டோக்களோடு போங்கள். தங்கை, அம்மா, பின்னால் கார் என்று ஏதாவது எடுத்திருப்பீர்களே, தன் வண்டியின் பழைய படம் அவரிடம் இருக்காது. உட்கார வைத்து காபி கொடுப்பார், ஒரு ரவுண்டு ஓட்டவும் தருவார். விலைப் பேச்சை அவராக எடுத்தால் பார்த்துக்கொள்ளலாம்.

படங்களைப் பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். அசலை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், அதற்கும் புரோக்கர் வைத்துத் தேடும்படி ஆகிவிடும்.