மகள் புவிச்சரிதவியல் படிக்கட்டும், வயலை ஈடு வைக்க வேண்டாம்

கேள்வி: நாங்கள் தம்பிலுவிலில் இருக்கிறோம். கணவர் மூன்று ஏக்கர் வயல் செய்கிறார். நான் வீட்டில் தையல். மகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடம் கிடைத்திருக்கிறது. அங்கே புவிச்சரிதவியல்தான் (ஜியோலொஜி) படிப்பேன் என்று நிற்கிறாள். என் தம்பியோ, “அது கல்லுப் பார்க்கிற படிப்பு, வேலை கிடைக்காது. கொழும்பில் தனியார் நிறுவனத்தில் ஐடி படிக்கட்டும், 28 இலட்சம் முடியும், வயலை ஈடு வைத்தால் சமாளிக்கலாம்” என்கிறான். வயல் உறுதி என் பெயரில் இருக்கிறது. வங்கியில் 14 இலட்சம் நிலையான வைப்பு உண்டு. அது மகளின் வீட்டுக்கென்று சேர்த்த காசு. வீடு சுவர் எழும்பி, கூரை இல்லாமல் நிற்கிறது. எதைச் செய்வது?

பதில்: தங்கச்சி, முதலில் உங்கள் தம்பி சொன்ன கணக்கைப் பார்ப்போம். 28 இலட்சத்தை 15 வீத வட்டிக்கு எடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். வட்டி மட்டும் மாதம் 35,000 ரூபா. முதல் தொகையில் ஒரு சதமும் குறையாது. ஒரு போகம் வெள்ளத்தில் போனாலும் அந்த 35,000 கட்டியே ஆகவேண்டும். மூன்று ஏக்கர் வயலால் அதைத் தாங்க முடியாது. ஐடி நல்ல துறைதான், மகள் ஆசைப்பட்டிருந்தால் அதற்கும் வழி தேடியிருப்பேன். ஆனால் பிள்ளை கேட்காத படிப்புக்காக, சோறு போடுகிற வயலை ஈடு வைக்கச் சொல்ல என்னால் முடியாது.

அரச பல்கலைக்கழகத்தில் கற்பித்தலுக்குக் கட்டணம் இல்லை. செலவு சாப்பாடு, தங்குமிடம், போக்குவரத்து, புத்தகம் இவற்றுக்குத்தான். மாதம் 25,000 என்று திட்டமிடுங்கள். விடுதி கிடைத்தால் அதற்குள் அடங்கும். வெளியில் அறை எடுத்தால் கொஞ்சம் இழுக்கும். மஹாபொல புலமைப்பரிசில் 2025இல் மாதம் 5,000இலிருந்து 7,500 ரூபாவாகக் கூட்டப்பட்டது. கிடைத்தால் நல்லது, ஆனால் அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். அந்தக் காசு பிந்தி வருவது வழமை, பிள்ளைக்கோ பசி நேரத்துக்கு வரும்.

உங்கள் 14 இலட்சத்தை ஒரே பத்திரத்தில் வைக்காமல் இரண்டாகப் பிரியுங்கள். 10 இலட்சத்தை மாத வட்டிக்குப் போடுங்கள். 8 வீதம் என்று பார்த்தால் மாதம் 6,600 ரூபாவுக்குச் சற்று மேலே வரும். ஒவ்வொரு போகத்திலும் நெல் விற்றவுடன் 50,000 எடுத்து மகளின் கணக்கில் போட்டுவிடுங்கள். வருடத்துக்கு ஒரு இலட்சம், மாதத்துக்கு 8,300. தையலில் ஒரு 10,000. கூட்டிப் பாருங்கள், 25,000 வந்துவிடுகிறது, முதல் தொகையில் கைவைக்கத் தேவையில்லை. மஹாபொல வந்தால் அது மடிகணினிக்கும் கள வேலைக்கும்.

இன்னொன்று. 2025 ஏப்ரலிலிருந்து வைப்பு வட்டியில் 10 வீதம் வரியாகக் கழிக்கிறார்கள். வருட வருமானம் 18 இலட்சத்துக்கு உட்பட்டவர்கள் வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் அந்தக் கழிவு இல்லை. உங்கள் வருமானம் அதற்குள் வந்தால் போய்க் கொடுங்கள். நம் ஊரில் பலர் அது தெரியாமலே விட்டுவிடுகிறார்கள்.

மீதி 4 இலட்சம் எதற்கு? அதைத் தொடவே வேண்டாம், வட்டியோடு சேர்த்துச் சேர்த்துப் புதுப்பித்து வாருங்கள். 8 வீதத்தில் நாலு வருடம் போனால் 5 இலட்சத்து 40,000 ஆகும். அது ஐந்தாவது வருடத்துக்கான காசு. புவிச்சரிதவியலில் பணம் நெருக்குவது படிக்கும் காலத்தில் அல்ல, பட்டம் கையில் வந்து வேலை இன்னும் வராத அந்த ஒன்றரை, இரண்டு வருடத்தில்தான். அரச நிறுவனங்களில் வெற்றிடங்கள் குறைவு, விண்ணப்பம் கோருவதும் எப்போதாவதுதான். அந்த இடைவெளியில் குறைந்த சம்பளத்துக்கு ஒரு பயிற்சியில் நிற்கவும், வெளிநாட்டு முதுமாணிப் புலமைப்பரிசிலுக்கு ஆங்கிலப் பரீட்சை எழுதவும், விண்ணப்பிக்கவும் கையில் காசு வேண்டும். அது இல்லாத பிள்ளைதான் கிடைத்த வேலைக்குப் போய், படித்ததை விட்டுவிடுகிறது.

சரி, வேலை உண்டா என்ற கேள்வி. உங்கள் தம்பி கல்லை மட்டும் பார்க்கிறார். நான் இந்தத் துறையை மதிக்கத் தொடங்கியது ஒரு கிணற்றால். 2004 சுனாமிக்குப் பிறகு கல்லடியில் எங்கள் வளவுக் கிணறு உப்பாகிவிட்டது. பம்பு வைத்து நாள் முழுக்க இறைத்தோம். அயலிலும் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். இறைக்க இறைக்க உப்புக் கூடியது. பிறகு வந்த ஒரு நிலத்தடி நீர் ஆய்வாளர், உப்பை அளக்கும் ஒரு கருவியைக் கயிற்றில் கட்டி மெல்லக் கீழே இறக்கி எங்களுக்குக் காட்டினார். மேலே எண் குறைவு, ஒரு முழம் இறங்கியதும் எண் பாய்ந்து ஏறியது. நம் கரை மணலில் மழைநீர், உப்பு நீரின் மேலே மெல்லிய வில்லை போல மிதக்கிறது. புத்தகக் கணக்குப்படி கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நல்ல நீர் நின்றால், அதைத் தாங்கிக் கீழே ஏறக்குறைய 40 மீட்டர் நல்ல நீர் நிற்கும். மேலே இருப்பதை இறைத்து எடுத்தால் கீழே இருக்கும் உப்பு மேலேறும். “இறைக்காதீர்கள், மாரி கழுவட்டும்” என்றார். விட்டோம். சில மாரிகள் கழிய நீர் தேறியது. நாங்கள் பம்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் கொட்டிய காசை அவர் ஒரு வாரம் முன்னதாக வந்திருந்தால் மிச்சம் பிடித்திருப்போம்.

அது நீர்ப்புவிச்சரிதவியல். மட்டக்களப்பு, அம்பாறை என்ற நம் இரண்டு மாவட்டங்களுக்கும் அதில் ஆள் தேவை. நீர் வழங்கல் சபை, நீர்வளச் சபை, குழாய்க்கிணறு தோண்டும் நிறுவனங்கள், தண்ணீர்த் திட்டம் செய்யும் தொண்டு நிறுவனங்கள் என்று வாசல்கள் இருக்கின்றன. மலைநாட்டில் வேறு தேவை. 2014இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையிலும் 2016இல் அரநாயக்கவிலும் மலை சரிந்து ஊரையே மூடியது நினைவிருக்கும். மண்சரிவு எச்சரிக்கை கொடுக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தில் புவிச்சரிதவியலாளர்கள் வேலை செய்கிறார்கள். உமா ஓயாத் திட்டத்தில் சுரங்கப்பாதைக்குள் நீர் பீறிட்டு, மேலே பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றி வீட்டுச் சுவர்களில் வெடிப்பு விழுந்ததும் பாறையைப் பற்றிய விஷயந்தான். அணை, சுரங்கப்பாதை, பெரிய கட்டடம் எது கட்டினாலும் கீழே என்ன இருக்கிறது என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

கனியங்கள் மூன்றாவது. புல்மோட்டையில் இல்மனைட், றூட்டைல், சிர்க்கோன் மணல். போகலையில் பென்சிற்கரி. எப்பாவலையில் பொஸ்பேற். ஆற்று மணல் ஏற்றும் டிப்பர்காரரைக் கேளுங்கள், அனுமதிப்பத்திரம் கொடுப்பது ‘புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம்’ என்பார். திருக்கோவிலிலும் வாகரையிலும் இல்மனைட் அகழும் பேச்சு வந்தபோது மக்கள் எதிர்த்து நின்றார்கள். அந்தக் கூட்டங்களில் அறிக்கையை வாசித்து விளக்க நம் ஊர்ப் பிள்ளை ஒன்று இருந்திருக்க வேண்டும் என்று எனக்கு இன்றும் மனதில் இருக்கிறது.

இனி மகளிடம் கேட்க வேண்டியது. விஞ்ஞான பீடம் கிடைத்தால் மட்டும் புவிச்சரிதவியலில் சிறப்புப் பட்டம் உறுதி இல்லை. ஆரம்ப வருடங்களின் பெறுபேறு பார்த்துத்தான் எடுப்பார்கள். அதனால் முதல் வருடம் முக்கியம். கற்பிப்பது ஆங்கிலத்தில். பல்கலைக்கழகம் தொடங்கும்வரை இருக்கும் மாதங்களில் நல்ல ஆங்கில வகுப்பொன்றுக்குச் செலவழியுங்கள். வேறு எந்தச் செலவையும் விட இதற்குப் பலன் அதிகம். வரைபடம் செய்யும் கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம். இரண்டாம் வருடத்துக்குள் அதைக் கையில் பழக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். காட்டிலும் மலையிலும் பெண்பிள்ளை எப்படித் திரிவாள் என்று உறவினர் கேட்பார்கள். கள வேலைக்கு மாணவர்கள் குழுவாகப் போவார்கள், விரிவுரையாளரும் கூட வருவார். பிறகு ஆய்வுகூடம், தரவு, நீர் மாதிரி என்று உள்ளிருந்து செய்யும் வேலையும் இதில் நிறைய உண்டு. எது வேண்டும் என்பதை அவளே தெரிவுசெய்யட்டும்.

அக்கரைப்பற்றிலிருந்து மஹா ஓயா, மஹியங்கனை வழியாகக் கண்டிக்குப் போகும் பஸ்ஸில் அவளை ஏற்றிவிடும்போது ஒன்று சொல்லுங்கள். நம் கரைக்குக் கீழே இருப்பது விஜயன் தொகுதி என்று பிரித்துச் சொல்லும் பாறைகள், கண்டிப் பக்கம் உயர்நிலத் தொகுதி என்ற வேறு பாறைகள். இரண்டும் சந்திக்கும் எல்லையை ஒட்டித்தான் மஹா ஓயாவின் வெந்நீர் ஊற்றுகள் கிளம்புகின்றன. அவளுடைய பாடம் அந்தப் பஸ் பாதையிலேயே கிடக்கிறது.

வீட்டைப் பற்றி. பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பது நம் பக்கத்து வழக்கம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கூரை இரண்டு மூன்று வருடம் பிந்தினால் வீடு கெட்டுப்போகாது. மாரிக்கு முன் சுவர்த் தலைகளில் சீமெந்துக் கலவை பூசி, கதவு நிலைகளைத் தகரத்தால் மூடி வையுங்கள். நல்ல போகம் ஒன்று வந்தால் மரவேலையைத் தொடங்கலாம். நகை இருந்தால் அதைக் கூரைக்காக அடகு வைக்க வேண்டாம்.

உங்கள் தம்பி ஈட்டுப் பத்திரத்தோடு வந்தால், கையெழுத்து வைக்காமல் இந்தக் கணக்கை அவருக்குக் காட்டுங்கள். தாய்மாமன், மருமகளின் நன்மைக்குத்தான் சொல்கிறார். மாதம் 35,000 வட்டியைத் தாளில் எழுதிப் பார்த்தால் அவருக்கும் விளங்கும். வைப்பு முதிர்வுத் திகதி எப்போது என்று நாளைக்கே வங்கியில் கேளுங்கள். தானாகப் புதுப்பிக்கும்படி பதிந்திருந்தால், அந்தத் திகதிக்கு ஒரு வாரம் முன்பே போய் 10, 4 என்று பிரித்துப் போடச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.