ஏர் லாக்கர் பொருத்திய ஜிப்சி: ஹவுசிங்கைத் திறக்கும் முன் சோப்பு நீரை எடுங்கள்

போடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். இடுக்கிப் பக்கத்து ஏலத்தோட்டத்துக்குச் சென்றுவர ஒரு பழைய மாருதி ஜிப்சி வைத்திருக்கிறார். இரண்டு மாதங்களுக்கு முன்பு முன் ஆக்சில், பின் ஆக்சில் இரண்டிலும் காற்றழுத்தத்தால் இயங்கும் டிஃபரன்ஷியல் லாக் (ஏர் லாக்கர்) பொருத்தியிருக்கிறார். திருப்பத்தில் இரு பக்கச் சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுழலவிடும் பற்சக்கரத் தொகுதிதான் டிஃபரன்ஷியல்; சேற்றில் ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாதபடி இரண்டையும் சேர்த்துப் பூட்டுவது லாக். லாக்கைப் போட்டிருக்கும்போது கம்பிரசர் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஓடுகிறது. பானட்டுக்குள் இருக்கும் வால்வின் அடியில் ஆயில் கசிந்திருக்கிறது. சுவிட்சை அணைத்த பிறகும் பின் லாக் சில சமயம் விடுவதில்லை. பொருத்திய பட்டறையினர் இரண்டு டிஃபரன்ஷியலையும் மறுபடி இறக்க வேண்டும் என்கிறார்கள். இறக்கலாமா என்பது அவருடைய கேள்வி. அவருடைய நண்பரும் இதே வேலையைச் செய்யவிருப்பதால், முதலிலிருந்தே எப்படிப் பொருத்தியிருக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார்.

இப்போதைக்கு இறக்க வேண்டாம். நீங்கள் சொல்லும் மூன்று குறைகளுக்கும் காரணம் பெரும்பாலும் ஹவுசிங்குக்கு (ஆக்சிலில் டிஃபரன்ஷியலை மூடியிருக்கும் வெளிக்கூட்டுக்கு) வெளியேதான் இருக்கும். அது உள்ளேயா வெளியேயா என்பதை ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடாமல் அரை நாளில் கண்டுபிடித்துவிடலாம்.

காற்று போகும் பாதையை மனதில் வாங்கிக்கொண்டால் சோதனை எளிதாகும். கம்பிரசரிலிருந்து வரும் அழுத்தக் காற்று மின்சார வால்வுக்கு வருகிறது. டாஷ்போர்டில் சுவிட்சைத் தட்டியதும் வால்வு திறந்து, மெல்லிய நைலான் ட்யூப் வழியாக ஆக்சிலுக்குக் காற்றை அனுப்புகிறது. ஹவுசிங்குக்குள் ஒரு செப்புக் குழாய் அதை வாங்கி, டிஃபரன்ஷியல் கேஸின் (பற்சக்கரங்களை உள்ளடக்கிச் சுழலும் உள்கூட்டின்) பேரிங் ஓரமாக அமர்ந்திருக்கும் சீல் வளையத்துக்குக் கொண்டுசேர்க்கிறது. கேஸ் சுழலும், வளையம் சுழலாது. இவ்விரண்டுக்கும் நடுவே காற்றைக் காப்பவை இரண்டு ஓ-ரிங்குகள் (ரப்பர் வளையங்கள்) மட்டுமே. அதைத் தாண்டி உள்ளே போன காற்று ஒரு பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் ஒரு பல் வளையத்தை நகர்த்தி, ஆக்சிலின் பக்கப் பற்சக்கரத்தைக் கேஸோடு பூட்டிவிடுகிறது. சுவிட்சை அணைத்தால் வால்வு அந்த ட்யூபை வெளிக்காற்றுக்குத் திறந்துவிடும்; அழுத்தம் போனதும் ஸ்பிரிங்குகள் பிஸ்டனைப் பழைய இடத்துக்குத் தள்ளும். இதற்குச் செலவாகும் காற்று மிகக் குறைவு. ஆகவே ஒருமுறை நிரம்பிய அமைப்பில் கம்பிரசருக்கு வேலையே இருக்கக் கூடாது. லாக் போட்ட நிலையில் கால் மணி நேரம் கம்பிரசர் மறுபடி ஓடாமல் இருந்தால் அமைப்பு நன்றாக இருக்கிறது என்பது நான் கைக்கொள்ளும் அளவுகோல். உங்களுடையது இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை என்றால் எங்கோ காற்று போகிறது, சந்தேகமே இல்லை.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இஞ்சினை அணைத்து, சுற்றிலும் சத்தமில்லாத நேரமாகப் பார்த்துத் தொடங்குங்கள். முதலில் கம்பிரசர் சுவிட்சை மட்டும் போடுங்கள். லாக் சுவிட்சுகள் இரண்டும் அணைந்திருக்கட்டும். கம்பிரசர் அழுத்தம் ஏற்றி நின்றதும் கடிகாரத்தைப் பாருங்கள். இந்த நிலையிலேயே அது மறுபடி ஓடினால் கசிவு பானட்டுக்குள்தான்: கம்பிரசரின் தலை, அழுத்த சுவிட்ச், வால்வுகளின் மரை இணைப்புகள், அல்லது சரியாக மூடாத வால்வு. பாத்திரம் கழுவும் சோப்பைக் கெட்டியாகக் கரைத்து, சிறு பிரஷ்ஷால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவுங்கள். பெரிய கசிவு உடனே கொப்பளிக்கும்; சிறிய கசிவோ அரை நிமிடம் கழித்து வெள்ளை நுரையாக, கடுகளவில் கொத்துக் கொத்தாகத் திரளும். அவசரப்பட்டுத் துடைத்துவிடுகிறவர் கண்ணில் இரண்டாவது வகை படாது.

பானட்டுக்குள் குறை இல்லையென்றால் பின் லாக் சுவிட்சைப் போடுங்கள். இப்போது கம்பிரசர் திரும்பத் திரும்ப ஓடினால், வால்வு முதல் பின் ஆக்சில் வரையிலான பாதையில் குறை. ட்யூபின் இரு முனைகளிலும் நுரை தடவிப் பாருங்கள். அங்கும் ஒன்றும் இல்லையென்றால் ஆக்சில் ஹவுசிங்கின் மேலுள்ள பிரீதரில் (உள்ளே விரியும் காற்று வெளியேற வைத்த சிறு குழாய்முனையில்) ஒரு ரப்பர் ட்யூபை மாட்டி, மறுமுனையை ஒரு தம்ளர் தண்ணீரில் அமிழ்த்துங்கள். லாக் போட்டதும் ஓரிரு குமிழி வந்து நின்றால் கவலையில்லை. சீரான இடைவெளியில் குமிழிகள் வந்துகொண்டே இருந்தால்தான் காற்று ஹவுசிங்குக்குள் கசிகிறது என்று பொருள். அப்போது பட்டறை சொல்வது சரி, இறக்கத்தான் வேண்டும். அப்போதும் குமிழி வரும் ஆக்சிலை மட்டும் இறக்கினால் போதும். பின் லாக் போட்டால்தான் முன் லாக்குக்கு மின்சாரம் போகும்படி வயரிங் செய்திருப்பார்கள் (அப்படித்தான் செய்திருக்கவும் வேண்டும்). ஆகையால் பின் பக்கத்தைச் சரிசெய்து முடித்த பிறகே முன் பக்கத்தைச் சோதியுங்கள். இல்லையெனில் இரண்டு கசிவுகளும் ஒன்றாகக் குழம்பிவிடும்.

வெளிப்புறக் கசிவுகளில் நான் அதிகம் கண்டது ட்யூபை வெட்டிய விதத்தில்தான். கட்டிங் பிளையரால் நறுக்கிய நைலான் ட்யூபின் முனை நசுங்கி முட்டை வடிவாகிவிடும். அது செருகு இணைப்புக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தோடு முழுதாகப் பொருந்தாது. புது பிளேடால் நேராக வெட்டி, முனையின் பிசிறை நீக்கி, தடை தட்டும்வரை செருகி, பிறகு ஒருமுறை இழுத்துப் பாருங்கள். ட்யூப் போகும் வழியையும் பாருங்கள்: சைலன்சர் பைப்புக்கு அருகில் போனால் உருகும், ஸ்பிரிங் பட்டைகளோடு உரசினால் தேயும். பிரேக் ஹோஸ் எந்த வழியாக ஆக்சிலுக்கு இறங்குகிறதோ அதே வழியில், ஆக்சில் முழுதும் தொங்கும்போது இழுபடாத அளவு தளர்வு விட்டுக் கட்டுவது நல்லது. வால்வு மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றும்போது முதல் இரண்டு மரைகளை விட்டுவிட வேண்டும். பிய்ந்த டேப் துணுக்கு ஒன்று வால்வுக்குள் போனால் அது மூடவும் மூடாது, முழுதாகத் திறக்கவும் திறக்காது.

இரண்டாவது குறைக்கு வருவோம். பொருத்தும்போது சீல் வளையத்துக்கு ஆயில் தடவித்தான் மாட்டுவார்கள். ஆகவே தொடக்கத்தில் வால்வின் வெளியேற்றுத் துளையில் சில துளி ஆயில் வருவது இயல்பு. இரண்டு மாதம் கழித்தும் வருகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பிரீதரைத்தான். ஏலத்தோட்டச் சேற்றில் அது எளிதில் அடைத்துக்கொள்ளும். ஓடிச் சூடான ஹவுசிங்கில் காற்று விரிகிறது; பிரீதர் அடைத்திருந்தால் அந்த அழுத்தம் ஓ-ரிங்கைத் தாண்டி ஆயிலைக் காற்றுப் பாதைக்குள் தள்ளும், லாக் அணைந்திருக்கும்போது அந்தப் பாதை வால்வு வழியாக வெளியே திறந்தே இருக்கிறது. அதே அழுத்தம் ஆக்சில் முனையின் ஆயில் சீலையும் தள்ளி, பிரேக் டிரம்முக்குள் ஆயிலைக் கொண்டுபோய்விடக்கூடும். அதுதான் ஆபத்து. பிரீதரைச் சுத்தம் செய்து, ரப்பர் ட்யூப் போட்டு, முனையைப் பானட் உயரத்துக்கு ஏற்றிக் கட்டிவிடுங்கள்; ஓடையைக் கடக்கும்போது சூடான ஹவுசிங் திடீரெனக் குளிர்ந்து தண்ணீரை உறிஞ்சுவதையும் இது தடுக்கும். ஹவுசிங்கில் ஆயில் அளவுக்கு மேல் ஊற்றப்பட்டிருக்கிறதா என்பதையும் லெவல் பிளக்கைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது குறை, குறையே அல்லாமலும் இருக்கலாம். இறுகிய தரையில் லாக்கோடு திரும்பினால் இரண்டு சக்கரங்களும் வேறு வேறு வேகத்தில் சுழல விரும்பி, முடியாமல், ஆக்சில் தண்டு முறுக்கேறி நிற்கும். அந்த முறுக்கு பூட்டுப் பற்களை நெருக்கிப் பிடித்துக்கொள்வதால் ஸ்பிரிங்கால் இழுக்க முடிவதில்லை. சுவிட்சை அணைத்துவிட்டு நேராகச் சில மீட்டர் ஓட்டி, ஸ்டியரிங்கை லேசாக இரு பக்கமும் திருப்பினால் விட்டுவிடும். இதையும் மீறி விடவில்லை என்றால் முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின் ஆக்சிலை உயர்த்தி ஸ்டாண்டில் நிறுத்தி, டூ-வீல் டிரைவில் கியரைப் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விடுவியுங்கள். லாக் போட்ட நிலையில் ஒரு சக்கரத்தைக் கையால் திருப்பினால் சிறு ஆட்டத்துக்கு மேல் சுழலக் கூடாது. சுவிட்சை அணைத்ததும் பானட்டுக்குள் 'புஸ்' என்ற ஒலி கேட்க வேண்டும். பிறகு ஒரு சக்கரத்தைச் சுற்றினால் மற்றது எதிர்த் திசையில் சுழலும். ஒலியே கேட்கவில்லையென்றால் வால்வின் வெளியேற்றுத் துளை அடைபட்டிருக்கிறது, அல்லது ட்யூப் எங்கோ மடிந்திருக்கிறது.

இனி நண்பருக்கு. முதலில் பின் ஆக்சிலுக்கு மட்டும் பொருத்தி ஒரு மழைக்காலம் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்றத்தில் எடை பின்னால்தான் சாய்கிறது. பயனில் பெரும்பகுதி அங்கேதான் கிடைக்கும். ஜிப்சியின் முன் ஆக்சில் மூட்டுகள் அவ்வளவு வலுவானவை அல்ல. முன் லாக் போட்டு, ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்து, ஆக்சிலரேட்டரை அழுத்தினால் உடைவது அவைதான்.

வேலையின் உண்மையான கடினம் காற்றில் இல்லை, கிரவுன்-பினியன் (இஞ்சினின் சுழற்சியை ஆக்சிலுக்குத் திருப்பும் பெரிய, சிறிய பற்சக்கர ஜோடி) அமைப்பில் இருக்கிறது. ஏர் லாக்கர் என்பது பழைய டிஃபரன்ஷியல் கேஸுக்கு மாற்றாக வருவது. ஆகவே கிரவுனைக் கழற்றிப் புதுக் கேஸில் மாட்டி, எல்லா அளவுகளையும் புதிதாக வைக்க வேண்டும். ஜிப்சியில் ஆக்சில் தண்டுகளை உருவிவிட்டால் கேரியர் (டிஃபரன்ஷியலைத் தாங்கும் வார்ப்பு) தனியாகக் கழன்று மேசைக்கு வந்துவிடுவது ஒரு வசதி. கழற்றும் முன்பே டயல் கேஜ் வைத்துப் பழைய பேக்லாஷை (இரு பற்சக்கரங்களின் பற்களுக்கு இடையிலான சிறு ஆட்டத்தை) குறித்துக்கொள்ள வேண்டும். நன்றாக ஓடிப் பழகிய ஜோடிக்கு அந்த அளவே சிறந்த வழிகாட்டி. பேரிங் மூடிகள் இடம் மாறக் கூடாதவை என்பதால் சென்டர் பஞ்ச் கருவியால் குத்தி அடையாளம் இட வேண்டும். கிரவுன் புதுக் கேஸில் இறுக்கமாகத்தான் உட்காரும். அதைப் போல்ட்டால் இழுத்தோ சுத்தியலால் தட்டியோ உட்காரவைக்கக் கூடாது, எரிவாயுத் தீயால் சுடவும் கூடாது. கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்து, துடைத்து உலர்த்தி வைத்தால் தானாக அமரும். போல்ட் மரையில் லாக்டைட் (மரை தளராமல் பிடிக்கும் பசை) இட்டு, எதிரெதிராக, டார்க் ரெஞ்சால் (முறுக்கு விசையை அளந்து காட்டும் ஸ்பேனரால்) முறுக்க வேண்டும். பேக்லாஷைக் கிரவுனைச் சுற்றி நான்கு இடங்களிலாவது அளந்து, தயாரிப்பாளர் தந்த வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்த்து, மார்க்கிங் பேஸ்ட் தடவிப் பல் படியும் தடத்தையும் சரிபார்க்க வேண்டும். "கையால் ஆட்டிப் பார்த்தால் தெரியாதா" என்று கேட்கும் பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். 0.15 மில்லிமீட்டரையும் 0.30 மில்லிமீட்டரையும் கை வேறுபடுத்தாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் எழும் ஊளைச் சத்தம் வேறுபடுத்திவிடும்.

செப்புக் குழாய்க்கு வெளியேறும் வழி அமைக்க, கையேடு காட்டும் இடத்தில் துளையிட்டு மரை போட வேண்டும். எல்லாம் கழன்று வெறும் வார்ப்பாக இருக்கும்போது மட்டுமே துளையிடலாம்; டிரில் பிட்டிலும் மரை போடும் கருவியிலும் கிரீஸ் பூசினால் இரும்புத் துகள் அதில் ஒட்டிக்கொள்ளும். குழாயைக் கிரவுனிலிருந்து விலக்கி, மடிப்பு விழாமல் கையால் வளைத்து, கிளிப்பால் நிலைப்படுத்த வேண்டும். சீல் வளையம் சற்றே ஆடக்கூடியதாக இருக்க வேண்டும். குழாய் அதை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்தால் ஓ-ரிங் சீக்கிரம் தேய்ந்துவிடும். நான் முதன்முதலில் பொருத்தியபோது, கசியக் கூடாதே என்ற பயத்தில் குழாய் நட்டை மிகையாக முறுக்கி, உள்ளிருக்கும் பித்தளை வளையத்தால் குழாயையே நெரித்துவிட்டேன். அதை மறுபடி இறக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. அதிலிருந்து, கேரியரை ஹவுசிங்கில் ஏற்றும் முன் மேசையிலேயே காற்றைக் கொடுத்து, 'டக்' என்று பூட்டுவதைக் காதால் கேட்டு, கால் மணி நேரம் அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்த பிறகே ஏற்றுகிறேன். உங்கள் பட்டறை இந்த ஒரு சோதனையைச் செய்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

மின்சாரத்தில் சொல்ல அதிகமில்லை. கம்பிரசருக்கு பேட்டரியிலிருந்து நேரடி வயர், அருகிலேயே ஃபியூஸ், நடுவில் ரிலே. கம்பிரசரைத் தண்ணீர் தெறிக்காத, எக்ஸாஸ்ட் சூடு படாத உயரத்தில் வைக்கவும். அழுத்தம் கையேட்டின் வரம்பைத் தாண்டக் கூடாது. பல அமைப்புகளில் கம்பிரசர் சுமார் 85 பி.எஸ்.ஐ.யில் ஓடத் தொடங்கி 105-இல் நிற்கும். டயருக்குக் காற்றடிக்க 150 பி.எஸ்.ஐ. டேங்கைச் சேர்க்கிறவர்கள், அந்த அழுத்தத்தை அந்த லாக்கர் தாங்கும் என்று கையேடு சொல்லாதவரை நடுவில் ரெகுலேட்டர் வைத்தாக வேண்டும்.

ஹவுசிங்கில் தயாரிப்பாளர் சொல்லும் தடிமனில் ஜி.எல்-5 ரக கியர் ஆயில் ஊற்றி, முதல் 1000 கிலோமீட்டருக்குள் ஒருமுறை மாற்றிவிடுங்கள். புது உறுப்புகளின் துகள் அதோடு போய்விடும். லாக்கை நின்றோ நடை வேகத்திலோ, சக்கரம் வழுக்கிச் சுழலத் தொடங்கும் முன்பே போடுங்கள். தார்ச் சாலை ஏறும் முன் எடுத்துவிடுங்கள். வண்டியின் அமைப்பை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஆகவே நண்பர் பாகங்களை வாங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிவைத்துக்கொள்ளட்டும். நீங்கள் கேட்கவில்லையென்றால் இப்போதாவது கேளுங்கள்.

தம்ளர் சோதனையில் குமிழி நிற்காமல் வந்தால், பின் கேரியரை இறக்கும் அன்று நீங்களும் உடன் இருங்கள். ஓ-ரிங்கைக் கழற்றியதும் அதை விரலில் சுற்றிப் பாருங்கள்: வெட்டுத் தழும்பு இருந்தால் பொருத்தும்போது கிழிந்தது, ஒரு பக்கம் மட்டும் தட்டையாகத் தேய்ந்திருந்தால் குழாய் இழுத்தது. இரண்டாவது என்றால் ஓ-ரிங்கை மட்டும் மாற்றி ஏற்ற விடாதீர்கள். குழாயையும் புதிதாக வளைக்கச் சொல்லுங்கள்.