முதல் கீபோர்டு கிட்: கேஸுக்கு முன் பிசிபியைப் பாருங்கள்

கேள்வி: தினமும் ஏழெட்டு மணி நேரம் தட்டச்சு செய்கிறேன். பாதி நிரல், பாதி தமிழ் உரை. பாகங்களை வாங்கி நானே ஒரு மெக்கானிக்கல் கீபோர்டைக் கோக்க ஆசை. செலவு குறைவாக இருக்க வேண்டும். சால்டரிங் தெரியாது. பக்கத்தில் ஆட்கள் இருப்பதால் சத்தமும் ஆகாது. எந்த மாதிரிக் கிட்டை, எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: விலை குறைந்த கிட்டுகளின் படங்களில் முதலில் கண்ணில் படுவது அலுமினியக் கேஸும் வண்ண விளக்குகளும். பின்னால் மாற்றவே முடியாத பாகம் உள்ளே இருக்கும் பிசிபி, அதாவது மின்சுற்றுப் பலகை. விசைக்கு அடியில் இருக்கும் சுவிட்ச் பிடிக்காவிட்டால் ஆறு மாதம் கழித்து வேறு போட்டுக்கொள்ளலாம். அதன் மேல் மாட்டும் எழுத்து மூடியான கீகேப்பும் அப்படித்தான். கேஸுக்குள் எழும் வெற்றொலியைக்கூட ஃபோம் வைத்து அடக்கிவிடலாம். பிசிபியின் வடிவமோ அதற்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரோ சரியில்லை என்றால் மொத்தக் கிட்டும் வீண். கையில் பணம் குறைவாக இருப்பவர்தான் பிசிபியைத் துருவித் துருவிப் பார்க்க வேண்டும்.

கிட் பெட்டியில் பொதுவாக கேஸ், பிசிபி, பிளேட் (சுவிட்சுகளைப் பிடித்து நிறுத்தும் தகடு), ஃபோம், ஸ்டெபிலைசர்கள் (நீள விசைகள் சாயாமல் தாங்கும் கம்பி அமைப்பு), யூஎஸ்பி கேபிள் இருக்கும். சுவிட்சும் கீகேப்பும் தனி. இந்த இரண்டும் சேர்ந்து கிட்டின் விலையையே எட்டிவிடக்கூடும் என்பதால் மூன்றையும் கூட்டிப் பார்த்து முடிவெடுங்கள்.

முதலில் அளவு. முழு அளவுக் கீபோர்டோடு ஒப்பிட்டு அதைச் சதவீதத்தில் சொல்வார்கள். 60 சதவீதக் கீபோர்டில் 61 விசைகள். அம்புக்குறிகள் எஃப்என் விசைக்குப் பின்னால் போய்விடும். உரையைத் திருத்திக்கொண்டே இருக்கும் உங்களுக்கு அது தொல்லை. 65 சதவீதத்தில் 66 முதல் 68 விசைகள், அம்புக்குறிகள் தனியாக உண்டு. 75 சதவீதத்தில் 80 முதல் 84. எஃப்1 முதல் எஃப்12 வரையான வரிசையும் கிடைக்கும். நிரலைப் பிழைதிருத்த அந்த வரிசை தேவைப்படும் என்பதால் உங்களுக்கு 75 சதவீதமே என் பரிந்துரை. 40 சதவீதத்தின் பக்கம் போகவே வேண்டாம். தமிழ்99 விசையமைப்பில் சதுர அடைப்புக்குறி, அரைப்புள்ளி, மேற்கோள், சாய்கோடு விசைகளில்தான் ச, ஞ, ந, ய, ழ இருக்கின்றன. அந்த விசைகள் இல்லாத கீபோர்டில் தமிழ் அடிப்பது சித்திரவதை.

இனி பிசிபி. சால்டரிங் தெரியாது என்பதால் சுவிட்சை அப்படியே செருகிப் பிடுங்கக்கூடிய ஹாட்ஸ்வாப் சாக்கெட் உள்ளதுதான் வேண்டும். அது 5 பின் சுவிட்சை ஏற்குமா என்று கேளுங்கள். 5 பின் சுவிட்சில் இரண்டு உலோகக் கால்கள், நடுத்தண்டு, இரு பக்கமும் இரண்டு பிளாஸ்டிக் கால்கள். 3 பின் பிசிபியில் அந்தப் பிளாஸ்டிக் கால்களுக்குத் துளை இருக்காது. எண்பது சுவிட்சிலும் அவற்றை நறுக்கினால்தான் உட்காரும். செய்யக்கூடிய வேலைதான், ஆனால் தவிர்க்கக்கூடியதும்கூட.

எல்இடி விளக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் பாருங்கள். விளக்கு நம் பக்கம் இருந்தால் தெற்கு நோக்கியது, திரைப் பக்கம் இருந்தால் வடக்கு நோக்கியது. வடக்கு நோக்கிய பிசிபியில் செர்ரி எனப்படும் உயரம் குறைந்த வடிவக் கீகேப் போட்டால், ஏ, எஸ், டி இருக்கும் நடு வரிசையில் கேப்பின் உள்விளிம்பு சுவிட்சின் கூட்டில் இடிக்கும். விசை முழுதாக இறங்கும் முன்பே மந்தமாகத் தட்டும். தெற்கு நோக்கியதை எடுத்தால் இந்தப் பிரச்சினையே இல்லை.

ஃபர்ம்வேர், க்யூஎம்கே எனும் திறமூலக் கீபோர்டு மென்பொருள், வியா இரண்டையும் ஆதரிக்க வேண்டும். வியா என்பது உலாவியிலேயே விசைகளை மாற்றியமைக்கும் கருவி. குரோம், எட்ஜ் போன்றவற்றில் ஓடும், ஃபயர்ஃபாக்ஸில் ஓடாது. 'வியா உண்டு' என்ற ஒற்றை வரியை நம்பாதீர்கள். வியா தானாக அடையாளம் காணாத கிட் என்றால், விசையமைப்பை விவரிக்கும் ஜேசான் கோப்பை விற்பவரிடம் வாங்கி வியாவின் டிசைன் பகுதியில் ஏற்ற வேண்டும். அந்தக் கோப்பு கிடைக்கிறதா என்று பணம் கட்டும் முன் பார்த்துவிடுங்கள்.

கம்பியில்லா வசதி தேவையில்லை என்றால் கேபிள் வகையையே எடுங்கள். மிச்சமாகும் பணம் சுவிட்சுக்கு உதவும். கம்பியில்லாததுதான் வேண்டும் என்றால் பிளாஸ்டிக் கேஸ் நல்லது, உலோகம் சமிக்ஞையை மறைக்கும். பேட்டரியைத் தனியாக வாங்கினால் இணைப்பானின் சிவப்பு, கறுப்புக் கம்பிகளின் வரிசையைப் பிசிபியில் அச்சிட்ட குறிகளோடு ஒப்பிடுங்கள். இணைப்பான் பொருந்துவதாலேயே முனைகளும் சரியாக இருக்கும் என்று அர்த்தமில்லை. மாறிப் போனால் பிசிபி போச்சு.

பிளேட் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கோ எஃப்ஆர்4 எனும் கண்ணாடியிழைப் பலகையோ ஆக இருந்தால் ஒலி சற்றுத் தணியும். பிளேட்டை மெத்தென்ற பட்டைகள் மேல் நிறுத்தும் கேஸ்கெட் முறை கிடைத்தால் எடுங்கள், விசைகள் சீராக அழுந்தும். பிசிபியைக் கேஸின் அடியோடு திருகும் ட்ரே முறையில் திருகாணிக்கு மேலே உள்ள விசைகள் மட்டும் கெட்டியாகத் தட்டும். இதற்காகப் பெருந்தொகை கூட்டிக் கொடுக்காதீர்கள்.

சுவிட்ச்: அழுத்தும்போது டிக்கென்று ஒலிக்கும் கிளிக் வகை உங்களுக்கு ஆகாது. இடையில் தடங்காமல் சீராக இறங்கும் சைலன்ட் லீனியர் வகையில் தண்டின் நுனிகளில் மெத்தென்ற சிறு தாங்கிகள் இருக்கும்; இறங்கும்போதும் ஏறும்போதும் எழும் இரு சத்தமும் அடங்கும். ஆலையிலேயே கிரீஸ் பூசியதாக வாங்குங்கள். எண்பது சுவிட்சைப் பிரித்துப் பூசுவது பல மணி நேர வேலை, முதல் கீபோர்டுக்கு அவசியமே இல்லை. தேவையைவிட ஐந்தாறு கூடுதலாக வாங்குங்கள்.

கீகேப்பில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஓர் எழுத்து விசையின் இடம் 1யூ, அதாவது 19.05 மில்லிமீட்டர். முழு அளவுக் கீபோர்டில் வலது ஷிஃப்ட் 2.75யூ, 65, 75 சதவீதத்தில் பெரும்பாலும் 1.75யூ. ஸ்பேஸ்பாருக்கு வலப்பக்கம் 1யூ அளவில் மூன்று விசைகள் இருக்கலாம். 104 விசை கொண்ட சாதாரணத் தொகுப்பில் இவை வராது. கிட்டின் படத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு விசையையும் எண்ணிச் சரிபாருங்கள். பொருள் பிபிடி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். ஏபிஎஸ் பிளாஸ்டிக் தேய்ந்து சீக்கிரம் பளபளக்கும்.

கோக்கும்போது முதல் வேலை பிசிபியைச் சோதிப்பது. சரியான கேபிளில் இணைத்து, வியாவின் சோதனைப் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு சாக்கெட்டின் இரு தொடுமுனைகளையும் உலோகச் சாமணத்தால் ஒரு கணம் இணையுங்கள். அந்தந்த விசை திரையில் ஒளிர வேண்டும். பத்து நிமிடம் ஆகும். பழுதான பிசிபியை எல்லாம் கோத்த பிறகு கண்டுபிடித்துக் கழற்றுவதைவிட இது எவ்வளவோ மேல்.

அடுத்தது ஸ்டெபிலைசர். 75 சதவீதத்தில் பொதுவாகப் பேக்ஸ்பேஸ், என்டர், இடது ஷிஃப்ட் ஆகிய மூன்றுக்கும் 2யூ அளவு ஸ்டெபிலைசர், ஸ்பேஸ்பாருக்கு 6.25யூ. பிசிபியில் பொருத்தும் வகையைப் பிளேட்டுக்கு முன்பே மாட்டிவிட வேண்டும். இதை மறந்துவிட்டு எல்லாச் சுவிட்சையும் பிடுங்குபவர்கள் ஏராளம். கம்பியைக் கண்ணாடி மேல் வையுங்கள். ஒரு முனை தூக்கி நின்றால் கையால் மெல்ல வளைத்துச் சமமாக்குங்கள். ஸ்பேஸ்பார் கடகடப்பதற்கு முதல் காரணம் இந்தக் கோணல்தான், கிரீஸ் அதைச் சரிசெய்யாது. கம்பி சமமான பிறகு அதன் முனைகளில் டைஎலக்ட்ரிக் கிரீஸும், கூட்டின் உட்சுவரில் க்ரைடாக்ஸ் 205ஜி0 எனும் கிரீஸை மெல்லிய படலமாகவும் பூசுங்கள். 205ஜி0 அதிகமானால் ஸ்பேஸ்பார் சோம்பலாக எழும்.

பிளேட்டை வைத்து நான்கு மூலைகளிலும் முதலில் சுவிட்ச் போட்டு, பிறகு நடுவை நிரப்புங்கள். ஒவ்வொரு சுவிட்சின் கால்களும் நேராக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுச் செங்குத்தாக அழுத்துங்கள். அழுத்தும்போது பிசிபியின் பின்புறம் அந்தச் சாக்கெட்டை விரலால் தாங்குங்கள். இரண்டே ஈயப் பற்றுகளில் அது ஒட்டியிருக்கிறது. தாங்கல் இல்லாமல் அழுத்தினால் செப்புத் தடத்தோடு பெயர்ந்து வரும். சுவிட்சுக்கும் பிசிபிக்கும் இடையிலான ஃபோம் அரை மில்லிமீட்டருக்கு மேல் போனால் கால்கள் சாக்கெட்டை எட்டாமல் போகலாம். கேஸை மூடும் முன் எல்லா விசைகளையும் மறுபடி சோதியுங்கள்.

ஒரு விசை மட்டும் வேலை செய்யாவிட்டால் பத்தில் ஒன்பது முறை கால் மடங்கியிருக்கும். சுவிட்சைப் பிடுங்கி, சாமணத்தால் நிமிர்த்திப் போடுங்கள். ஒரு வரிசை முழுவதும் செத்திருந்தால் சுவிட்சைக் குறை சொல்ல முடியாது. பிசிபியில் அந்த வரிசையின் தடமோ கட்டுப்படுத்தும் சில்லோ பழுது, கிட்டைத் திருப்பி அனுப்புங்கள். ஓர் எழுத்து இரண்டிரண்டாக விழுந்தால் அந்தச் சுவிட்சை மாற்றிப் பாருங்கள். கூடுதலாக வாங்கிய ஐந்தாறு இதற்குத்தான். கணினி கீபோர்டையே கண்டுகொள்ளாவிட்டால், கேபிள் சார்ஜ் மட்டும் ஏற்றுவதா, யூஎஸ்பி துளை உள்ள சிறு பலகையின் ஒயர் நழுவியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கமும் சி வகை உள்ள கேபிளில் மட்டும் உயிர் வரவில்லை என்றால், அந்தப் பிசிபியில் அதற்குரிய 5.1 கிலோ ஓம் மின்தடைகளை வைக்காமல் விட்டிருக்கக்கூடும். ஒரு முனை ஏ வகையாக உள்ள கேபிளில் அது நன்றாகவே ஓடும்.