மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பெரிய வீதிகளைத் திருத்தி அகலமாக்கிய பிறகு பயணம் லேசாகிவிட்டதா?

என்னைக் கேட்டால், எங்கள் பயணத்தை லேசாக்கியது பாலங்கள்தான். ரோட்டு அகலமானதில் கிடைத்தது அதற்குப் பிறகுதான் வரும்.

நான் களுவாஞ்சிக்குடி, வேலை மட்டக்களப்பு டவுனில். தினமும் ஏ4 வீதியில் 25 கிலோமீற்றருக்கு மேல் மோட்டார் சைக்கிள் ஓட்டம். பழைய கல்லடிப் பாலம் பிரித்தானியர் காலத்து இரும்புப் பாலம், ஒரு நேரத்தில் ஒரு பக்க வாகனம்தான் போகலாம். எதிர்ப்பக்கத்தில் ஒரு லொறி ஏறிவிட்டால் இந்தப் பக்கம் பஸ், வேன், பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம் வரிசையாக நிற்கும், காலையில் ஒப்பீஸுக்குப் பிந்தினால் "பாலத்தில் மாட்டிக்கொண்டேன்" என்றால் போதும், யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். 2013இல் பக்கத்திலேயே ஜப்பான் உதவியில் புதுப் பாலம் திறந்த அன்றோடு அந்தச் சாட்டும் போய்விட்டது. இப்போது பழைய பாலத்தில் சனம் பின்னேரம் காற்று வாங்குது.

அடுத்த வருசம், 2014இல், மண்முனைப் பாலம். இதன் அருமை படுவான்கரையில் (மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை) சொந்தம் உள்ளவர்களுக்குத்தான் தெரியும். என் அம்மாவின் ஊர் கொக்கட்டிச்சோலைப் பக்கம். முன்பு வாவியைக் கடக்க 'பாதை' ஏற வேண்டும் (வெளியூர்க்காரர் குழம்ப வேண்டாம், ஆளையும் வாகனத்தையும் ஏற்றிப் போகிற மிதவைக்கு எங்கள் ஊரில் அதுதான் பேர்). பாதை அக்கரையில் நின்றால் இக்கரையில் காத்திருப்பு, இரவில் வருத்தக்காரரை ஏற்றி வருவதென்றால் சுற்றித்தான் வர வேண்டும். தான்தோன்றீஸ்வரர் கோயில் திருவிழாவுக்கு நாங்கள் விடியவே புறப்பட்டது பக்தியால் மட்டும் இல்லை, பாதையில் இடம் பிடிக்கவும்தான்.

சரி, ரோட்டுக்கு வருவோம். காபட் (வழவழப்பான தார்த் தளம்) போட்டது நல்லது, இடுப்பு வலி குறைந்தது. ஆனால் கல்லடியிலிருந்து கல்முனை வரை ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒரு கீற்று நிலம். அதில் ஊருக்கு ஊர் கோயில், பள்ளிவாசல், பாடசாலை, கடை, எல்லாம் வீதியைப் பார்த்தபடி. எவ்வளவுதான் அகலமாக்குவது? எங்கள் மாமியின் மதில் ஒரு தரம் உள்ளே போனது, அந்த வேலை நடந்தபோது மாதக் கணக்கில் வாசலில் கானை வெட்டி அப்படியே விட்டிருந்தார்கள், பலகை போட்டுத்தான் வீட்டுக்குள் போய் வந்தோம். காத்தான்குடியில் நடு ரோட்டில் பேரீச்சை மரம் நட்டு அழகாக வைத்திருக்கிறார்கள், ஆனால் பின்னேரம் கடைக்கு வருகிற கூட்டத்தில் அங்கே ஊர்ந்துதான் போக வேண்டும். கல்முனை, சாய்ந்தமருது அதற்கும் மேல். கூடின அகலத்தை நிறுத்தி வைத்த வாகனமே தின்றுவிடுகிறது. அறுவடைக் காலத்தில் உள்பக்கம் போனால் பாதி ரோட்டில் நெல் காயும். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, எங்கள் மாமாவும் காயப்போடுகிறவர்தான்.

வேகம்தான் புதுப் பிரச்சினை. குண்டும் குழியுமாகக் கிடந்தபோது யாரும் பறக்கவில்லை. இப்போது இரவு பஸ்கள் ஊருக்குள்ளேயே விரட்டுகின்றன, கட்டாக்காலி மாடுகளோ சூடு தேடிக் காபட்டில் வந்து படுக்கின்றன. பொலநறுவைப் பக்கம் ஏ11 வீதியும் இதே கதைதான். நல்ல ரோட்டில் வேகமாக வந்து திடீரென்று ஒடுங்கிய பாலம் ஒன்றுக்குள் நுழைய வேண்டும். 2023 ஜூலையில் மன்னம்பிட்டிக்குக் கிட்ட கொட்டலிய பாலத்தில் மோதி பஸ் ஒன்று ஆற்றுக்குள் விழுந்தது, எத்தனை பேர் செத்தார்கள். அதில் எங்கள் பக்கத்துக்கு வந்துகொண்டிருந்த சனம் இருந்தது.

கொழும்பிலிருந்து காரில் வரப்போகிறீர்கள் என்றால் மன்னம்பிட்டியைப் பகலிலேயே தாண்டப் பாருங்கள். அப்புறம் பின்னேரம் ஐந்து மணிக்குக் காத்தான்குடிக்குள் நுழையாதீர்கள்.