பாஞ்சாலங்குறிச்சில பாக்க என்ன இருக்கு?

அண்ணாச்சிக்கு வணக்கம்,

போன மாசம் நீங்க ஒரு ராணுவ வரலாற்று ஆய்வாளர்கூட பாளையக்காரர் போர் நடந்த இடங்களை ரெண்டு நாள் சுத்திப் பாத்ததா நாலு வரி எழுதிருந்திய. அதைப் படிச்சுட்டு நானும் லீவுல அப்பாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு கட்டபொம்மன் கோட்டை இருந்த பாஞ்சாலங்குறிச்சி போனேன். மறைக்காம சொல்றேன், ஏமாற்றமா போச்சு. 1974-ல கட்டுன நினைவுக் கோட்டை, உள்ள படங்க, சிலை, வெளிய வெயிலு. அரை மணி நேரத்துல கிளம்பிட்டோம். சின்னவன் "சண்டை எங்கப்பா நடந்துச்சு?"ன்னு கேட்டான், எனக்கு எந்தப் பக்கம் கை காட்டன்னே தெரியல. வெளிநாட்டுல இதுக்குன்னே டூர் கூட்டிட்டுப் போறாங்களாமே, விவரம் தெரிஞ்ச ஆள்கூட போனா அப்படி என்ன கூடுதலா தெரிஞ்சிரும்? இன்னொண்ணு, பக்கத்துல வெள்ளைக்காரங்க கல்லறை இருக்குன்னு சொன்னாவ, போக மனசு வரல, பாக்காமலே வந்துட்டோம். அது சரிதானா?

ஒரு வாசகர், கோவில்பட்டி

தம்பிக்கு,

உங்க பையன் கேட்டதுதான் சரியான கேள்வி, அதுல இருந்தே ஆரம்பிக்கேன். நான் கூடப் போன சார் பட்டாளத்துல இருந்து ரிட்டயர் ஆனவர், அதுக்குப் பொறவு இத்தனை வருசமா போர் வரலாறு மட்டுமே படிக்கிறவர், பேரு போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டார். அவர் எங்களை முதல்ல நினைவுக் கோட்டைக்குள்ள கூட்டிட்டே போகல. ஒட்டப்பிடாரத்துல இருந்து வர்ற ரோட்டுல கொஞ்சம் முன்னாலயே வண்டிய நிறுத்தச் சொல்லிட்டார், இறங்குங்க, நீங்கதான் இப்ப கிழக்கிந்தியக் கம்பெனி பட்டாளம், முன்னால என்ன தெரியுதுன்னு சொல்லுங்கன்னார். ஒண்ணுமே தெரியல, சமதரை, கரிசக்காடு, அங்கங்க சீமைக்கருவேலம். உடனே அவர் சொன்னார், அந்தக் கருவேலத்தை கண்ணுல இருந்து எடுத்துருங்க, அது இந்தப் போருக்கெல்லாம் ரொம்ப காலம் கழிச்சு நம்ம நாட்டுக்கு வந்த மரம், அதுக்குப் பதிலா உடைமரமும் இலந்தையும் கள்ளியும் நெருக்கமா கோட்டைய சுத்தி வேலியா நிக்குதுன்னு வச்சுக்கிடுங்கன்னு. அந்த ஒரு வார்த்தைல எனக்கு இடமே வேற மாதிரி ஆயிருச்சு.

பொறவு எட்டு வச்சு நடக்கச் சொன்னார். 1801 சண்டைல கம்பெனி பக்கம் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ்ங்கிற அதிகாரி 1830-ல எழுதுன புத்தகத்துல கோட்டையோட அளவு இருக்கு, சுமாரா 500 அடிக்கு 300 அடி, மதிலு 12 அடி உயரம், முழுக்க மண்ணு. 500 அடின்னா நம்ம நடைல 200 எட்டு வரும். நடந்தோம், அதுக்குள்ளயேவா முடிஞ்சிருச்சுன்னு இருந்துச்சு. இவ்வளவு சின்ன எடத்தையா மார்ச் 31-ல இருந்து மே 24 வரைக்கும் கம்பெனியால பிடிக்க முடியல? எனக்கு நெஞ்சு அடைச்சுக்கிட்டு வந்துச்சு தம்பி, சின்ன வயசுல இருந்து எத்தனையோ தடவை அந்த ஊருக்குப் போயிருக்கேன், ஒரு தடவை கூட அப்படி இருந்ததில்ல.

ஏன் பிடிக்க முடியலங்கிறதுக்கு அவர் கைல ஒரு பிடி மண்ணை எடுத்துக் காட்டுனார். கல் மதில்ல குண்டு பட்டா வெடிச்சு சரியும், நல்லா மிதிச்சுக் கட்டுன மண்ணுல பட்டா குண்டு உள்ள போய்ப் புதைஞ்சிரும், ஐரோப்பாவுலயே பீரங்கி பெருகின பொறவு உயரமான கல் மதிலை விட்டுட்டு தாழ்வா மண்ணணைச்ச மதிலுக்குத்தான் மாறுனாங்கன்னார். மார்ச் 31 அன்னைக்கு பீரங்கியால உடைச்ச எடத்துல ஏறி வந்தவங்களுக்கு உள்ள கால் வைக்கவே முடியல, கொத்தளத்துக்குள்ள நின்னவங்க 18, 20 அடி நீள ஈட்டியை வச்சுக்கிட்டு கீழ இருந்தே குத்தி இறக்கியிருக்காங்க. முன்னால போன 120 ஐரோப்பியர்ல காயமில்லாம திரும்புனது 46 பேருதான்னு வெல்ஷே எழுதியிருக்கார். அவ்வளவு நீள ஈட்டி எதுக்குன்னு நான் கேட்டேன், அவர் தரைல குச்சியால கோடு போட்டு, நீங்க உடைப்புக்கு மேல நிக்கீங்க, நான் கீழ இருக்கேன், உங்க துப்பாக்கிக்கு நான் தெரியல, என் ஈட்டிக்கு நீங்க எட்டுறீங்க, அவ்வளவுதான்னார். படிச்சப்ப எனக்குப் புரியாதது அங்ஙன நின்னப்ப புரிஞ்சது.

இதை முக்கியமா சொல்லணும். அவர் எதைச் சொன்னாலும் இது வெல்ஷ் எழுதுனது, இது ஊர்ல சொல்லுறது, இது நானா யூகிக்கிறதுன்னு பிரிச்சுப் பிரிச்சுத்தான் சொன்னார். கோட்டைய இடிச்சு உழுது ஆமணக்கு விதைச்சாங்க, உப்பு போட்டாங்கங்கிறது ஊர்ல சொல்லுறது. ஆறு நாள்ல கோட்டைய திரும்ப எழுப்புனது எதிரியே எழுதி வச்சது. 1801 பிப்ரவரி 2 ராத்திரி பாளையங்கோட்டை ஜெயில்ல இருந்து கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரையும் கூட இருந்தவங்களும் தப்பிக்காங்க, அப்ப அதிகாரிகள்லாம் கம்பெனி தளபதி மேஜர் மெக்காலே வீட்டுல விருந்துல இருக்காங்க, பட்டாளம் கிடந்தது சங்கரன்கோவில்ல. ஆளைச் சேத்துக்கிட்டு மெக்காலே 9-ஆம் தேதி பாஞ்சாலங்குறிச்சி வந்து பாத்தா 1799-ல தரைமட்டமாக்குன மதிலு திரும்ப நிக்குது! பேசாம திரும்பிப் போனாங்க. நாங்க பாளையங்கோட்டைல அந்தப் பழைய கோட்டைக் கொத்தளத்துப் பக்கம் நின்னு மேப்பை விரிச்சு சங்கரன்கோவில் எங்க, பாஞ்சாலங்குறிச்சி எங்கன்னு விரலால அளந்தோம், ஒண்ணு மேக்க, ஒண்ணு கிழக்க. அந்த இடைவெளிதான் ஊமைத்துரைக்கு கிடைச்ச ஆறு நாள். நம்ம ஜனங்க ராத்திரி பகலா மண்ணு சுமந்துதான் அந்த மதிலு எழும்பிருக்கும், எத்தனை பேருன்னோ யாருன்னோ ஒருத்தரும் எழுதி வைக்கல.

மே 24 கோட்டை விழுந்த பொறவு நடந்த ஒண்ணை அவர் கடைசியா சொன்னார், நீங்க கேள்விப்பட்டிருக்கலாம், கால்டுவெல் பாதிரியார் 1881-ல எழுதுன திருநெல்வேலி வரலாற்றுலயும் இருக்கு. மகனைத் தேடிக்கிட்டு வந்த ஒரு தாய், குத்துயிரா கெடந்த மகன், அவன் சொல்லுதான், அம்மா என்னை விடு, சாமி பக்கத்துல கெடக்காரு, அவரைக் காப்பாத்துன்னு. சாமின்னு அவன் சொன்னது ஊமைத்துரைய, அவங்க அவரை ஊருக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. கம்பெனி பக்கம் நின்ன எட்டயபுரம் பாளையத்து ஆளுங்க தேடிக்கிட்டு வந்தப்ப பொம்பளைங்க அவர் மேல வெள்ளைத் துணியப் போட்டு மூடி, அம்மை போட்டு செத்துட்டான்னு ஓலம் வச்சாங்க, வந்தவங்க பயந்து ஓடிட்டாங்க. இதைச் சொல்லும்போது அவருக்கு குரல் கம்மிப் போச்சு. எனக்கும்தான். இந்தப் போர்ல அந்தத் தாய்க்கு பேரு இல்ல.

அதனாலதான் கல்லறை விஷயத்துல நான் உங்களோட ஒத்துப் போகல தம்பி. போயிருக்கணும். அங்க கிடக்கிறவங்க கடல் தாண்டி வந்து செத்தவங்க, அதை விடுங்க, அதுக்காக நான் சொல்லல. கம்பெனி பட்டாளம்னா வெள்ளைக்காரன் மட்டும்னு நாம நினைச்சுக்கிட்டு இருக்கோம், அதுல பெரும்பாலும் நம்ம ஊரு சிப்பாய்ங்கதான், கூட எட்டயபுரத்து ஆளுங்க வேற. கல்லறை கட்டி பேரு வெட்டுனது வெள்ளைக்காரனுக்கு மட்டும். மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் செத்த நம்மாளுக்கு ஒரு கல்லு கிடையாது. அந்தக் கல்லறைகளுக்குப் பக்கத்துல நின்னாத்தான் யாருக்கெல்லாம் கல்லு இல்லைங்கிறதே உறைக்கும். கயத்தாறுல கட்டபொம்மனைத் தூக்குல போட்ட எடத்துல வழிப்போக்கரெல்லாம் ஆளுக்கொரு கல்லு போட்டு குமிச்சு வச்சாங்கன்னு பெரியவங்க சொல்லுவாங்க, நீங்க நெல்லைக்கு பஸ்ல போற வழிதான் அது, ஒரு நாள் இறங்கிப் பாருங்க.

ரெண்டாம் நாள் மேக்க நெற்கட்டும்செவலும் வாசுதேவநல்லூரும் போனோம், அது 1755-ல இருந்து பூலித்தேவர் காலத்துக் கதை, தனியா எழுதணும். வாசுதேவநல்லூர் கோட்டைய 1767-ல கம்பெனி தளபதி கேம்ப்பெல் சுட்டப்ப இடிஞ்ச எடத்தை உள்ள இருந்தவங்க பனையும் வைக்கோலும் மண்ணும் போட்டு அடைச்சுக்கிட்டே இருந்தாங்கங்கிறதை மட்டும் இப்ப சொல்லி வைக்கேன்.

விவரம் தெரிஞ்ச ஆள் கிடைக்கலைன்னா என்ன செய்யன்னு கேப்பீங்க. கால்டுவெல் புத்தகத்துல பாஞ்சாலங்குறிச்சி வர்ற பக்கங்களை மட்டுமாவது படிச்சுட்டு போங்க. மே மாசம் வீரசக்கதேவி கோயில் திருவிழாவுல கூட்டமா இருக்கும், அது வேற அழகு, ஆனா நடந்து பாக்கணும்னா தை, மாசில விடியக்காலம் போங்க. அப்பாவுக்கு ஒரு மடக்கு சேர் எடுத்துக்கிடுங்க. பழைய கோட்டையோட அஸ்திவாரம் இருக்கிற எடத்தை கேட்டு, ஒரு மூலைல பையனை நிப்பாட்டிட்டு நீங்க 200 எட்டு நடந்து மறு மூலைல நின்னு, சத்தமா பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்க. காலைல காத்து அடங்கி இருந்தா அவனுக்கு கேக்கும். சண்டை எங்க நடந்துச்சுன்னு கேட்டான்ல, அந்த ரெண்டு பேருக்கும் நடுவுலதான்.