வாசகர் கேள்வி-பதில்: ஒரே கம்பியில் பிரேக்கும் கண்ணாடியும்

கேள்வி: காரில் பிரேக், எஞ்சின், கதவுக் கண்ணாடி எல்லாம் ஒரே இணைக் கம்பியில்தான் செய்தி அனுப்பிக்கொள்கின்றன என்று மெக்கானிக் சொன்னார். பிரேக்கும் கண்ணாடியும் ஒரே சமயத்தில் அனுப்பினால் இரண்டும் மோதிச் சிதைந்துவிடாதா? (வாசகர், ஓசூர்)

பதில்: சிதையாது. பிரேக்கின் செய்தி ஒரு பிட் (0 அல்லது 1 என்னும் ஒற்றைக் குறி) கூடக் கெடாமல் போய்ச் சேரும். கண்ணாடியின் செய்தி பாதியில் தானாகவே விலகி நிற்கும். (பல கார்களில் பிரேக், எஞ்சினுக்கு ஒரு தடமும், கதவு, விளக்குக்கு வேறொரு தடமும் போட்டு, நடுவே செய்திகளைக் கடத்திவிடும் கேட்வே என்ற கருவியை வைத்திருப்பார்கள். உங்கள் கேள்விக்காக ஒரே தடம் என்றே வைத்துக்கொள்வோம்.)

ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்திய கேன் பஸ் என்னும் முறை இது. அதற்கு முன்பே, 1973-இல் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் உருவான ஈதர்நெட் இருந்தது. அதில் இரு கணினிகள் மோதினால் இரண்டுமே நிறுத்திவிட்டு, குத்துமதிப்பாக ஒரு நேரம் காத்திருந்து மீண்டும் முயலும். மோதல் தொடரத் தொடரக் காத்திருக்கும் நேரத்தின் வரம்பு இரட்டிப்பாகும். 16 முறை முயன்றும் முடியாவிட்டால் கைவிட்டுவிடும். அலுவலகக் கணினிக்கு இது போதும். ஆனால் செய்தி எப்போது போய்ச் சேரும் என்று உறுதி சொல்ல முடியாத ஒரு முறையை நம்பிப் பிரேக்கை ஒப்படைக்க முடியாது.

கேன் முறையில் சும்மா இருக்கும்போது இரு கம்பிகளும் ஏறத்தாழ 2.5 வோல்ட்டில் நிற்கும். அந்த நிலைதான் 1. ஒரு கருவி 0 அனுப்ப வேண்டுமானால், ஒரு கம்பியை 3.5 வோல்ட்டுக்கு ஏற்றி, மற்றதை 1.5 வோல்ட்டுக்கு இறக்கும். ஆகவே ஒருவர் 0, இன்னொருவர் 1 என்று ஒரே நேரத்தில் அனுப்பினால் கம்பியில் தெரிவது 0 மட்டுமே. ஒவ்வொரு செய்தியும் 11 பிட் கொண்ட ஓர் அடையாள எண்ணோடு தொடங்குகிறது. அனுப்பும் கருவி தான் அனுப்பிய பிட்டும் கம்பியில் உள்ள பிட்டும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு பிட்டிலும் சரிபார்த்துக்கொண்டே போகும். எடுத்துக்காட்டாகப் பிரேக்கின் எண் 100 என்றும், கண்ணாடியின் எண் 612 என்றும் கொண்டால், அவை முறையே 00001100100, 01001100100 என்று அமையும். முதல் பிட் இரண்டுக்கும் 0 என்பதால் யாருக்கும் எதுவும் தெரியாது. இரண்டாவது பிட்டில் கண்ணாடி 1 அனுப்புகிறது, ஆனால் கம்பியில் 0 இருப்பதைக் காண்கிறது. தன்னைவிடச் சிறிய எண் கொண்ட, அதாவது முக்கியமான, செய்தி ஓடுகிறது என்று அறிந்து அந்தக் கணமே அனுப்புவதை நிறுத்திவிட்டுக் கேட்கத் தொடங்குகிறது. இப்படி ஒரு போட்டி நடந்ததே பிரேக்குக்குத் தெரியாது. மோதலைத் தவிர்ப்பதும் முன்னுரிமை தருவதும் இங்கே ஒரே வேலையாக முடிந்துவிடுவதுதான், என் பார்வையில், இம்முறையின் அழகு.

இதற்கு ஒரு விலையும் உண்டு. ஒரு பிட் நிலைத்திருக்கும் நேரத்துக்குள் மின்குறிப்பு கம்பியின் கோடி வரை போய்த் திரும்ப வேண்டும் என்பதால், நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் கம்பியின் நீளம் ஏறத்தாழ 40 மீட்டரைத் தாண்டக் கூடாது. காருக்கு அது தாராளம்; தெருவுக்கு உதவாது.

கேள்வி: பெரிய எண் கொண்ட செய்தி காலமெல்லாம் காத்துக்கிடக்க வேண்டியதுதானா? (அதே வாசகர்)

பதில்: விதிப்படி பார்த்தால், ஆம். சிறிய எண்கள் இடைவிடாமல் வந்துகொண்டிருந்தால் பெரிய எண்ணுக்கு வாய்ப்பே வராது. அதனால்தான் வடிவமைப்பவர்கள் எந்தச் செய்தி எத்தனை மில்லிநொடிக்கு ஒருமுறை போகலாம் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, தடத்தில் போதிய வெற்றிடம் விடுகிறார்கள். முதல் முன்னுரிமை பெற்ற செய்தியும்கூட, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதை இடைமறிக்க முடியாது. நொடிக்கு 500 கிலோபிட் வேகத்தில் அதற்காகக் காத்திருப்பது அதிகம் போனால் கால் மில்லிநொடியைச் சற்றே தாண்டும். உண்மையான கவலை வேறு. அனுப்புவது யார் என்று சரிபார்க்கும் ஏற்பாடு கேனில் இல்லை. எவரேனும் ஒரு கருவியைப் பொருத்தி 0 என்ற எண்ணில் ஓயாமல் அனுப்பினால், மற்ற அனைத்தும் வாய்மூடி நிற்கும்.

கேள்வி: வீட்டு வைஃபையில் இதே முறையைக் கையாளக் கூடாதா? (வாசகி, திருச்சி)

பதில்: முடியாது. வைஃபை கருவி அனுப்பும்போது அதன் சொந்த அலையே காதை அடைத்துவிடுவதால், அதே அலைவரிசையில் பிறர் பேசுவது கேட்காது. எனவே அனுப்பும் முன்பே தடம் காலியா என்று பார்த்து, குத்துமதிப்பான ஒரு நேரம் காத்திருந்து அனுப்புகிறது. பெற்றேன் என்ற பதில் வராவிட்டால் மோதல் என்று எண்ணி மறுபடி முயல்கிறது. முன்னுரிமையை 2005-இல் வந்த 802.11இ தரம் இந்தக் காத்திருப்பிலேயே புகுத்தியது. சாதாரணத் தரவு முதல் முயற்சியில் 0 முதல் 15 வரை ஓர் எண்ணை எடுத்து அத்தனை துளி நேரம் காத்திருக்கும். குரல் அழைப்போ 0 முதல் 3 வரை மட்டுமே எடுக்கும். அழைப்பு பெரும்பாலும் முந்தும், ஆனால் எப்போதும் முந்தும் என்ற உறுதி கிடையாது. உங்கள் ரவுட்டரில் டபிள்யூ.எம்.எம். என்ற பெயரில் இருப்பது இந்த ஏற்பாடுதான். அதை அணைத்துவிடாதீர்கள், அணைத்தால் புதிய கருவிகளும் நொடிக்கு 54 மெகாபிட் என்ற பழைய வேகத்துக்கு இறங்கிவிடக்கூடும்.