பதினெட்டுப் பேர், ஒரு கீசர்: தீபாவளிக் கேள்வி பதில்

மறுமணம் ஆகி இரு பக்கத்துப் பிள்ளைகளும் ஒன்றாய் வளரும் மலை வீடுகளுக்கான கேள்வி பதில். பதில் சொல்பவர் கோத்தகிரி அக்கா.

குன்னூர்: தீபாவளிக்கு 18 பேர் அக்கா. 25 லிட்டர் கீசர் ஒன்றுதான். விடிவதற்குள் எல்லோரும் எண்ணெய் தேய்த்துக் குளிக்க முடியுமா?

கீசரை மட்டும் நம்பினால் முடியாதுங்க. குழாய்த் தண்ணீர் 12 டிகிரி, கீசர் 60 டிகிரி. விளாவி 40 டிகிரிக்குக் கொண்டுவந்தால் 43 லிட்டர் தேறும். ஆளுக்கு 15 லிட்டர் பக்கெட் ஒன்று என்றாலும் மூன்று பேருக்கு இழுபறிதான். 2 கிலோவாட் கீசர் மறுபடி சூடாக 40 நிமிடம் ஆகும். ஆறு ஈடு ஓட்ட வேண்டும், நாலு மணிக்கு ஆரம்பித்தால் ஏழரை தாண்டிவிடும்.

பின்கட்டில் 50 லிட்டர் அண்டாவை மூன்று மணிக்கே விறகில் ஏற்றுங்கள். கொதித்த தண்ணீரை விளாவினால் 140 லிட்டர், ஒன்பது பேருக்கு ஆச்சு. மீதியைக் கீசர் பார்த்துக்கொள்ளும். வரிசையை முந்தின நாளே வயதுப்படி எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். "உன் பிள்ளை, என் பிள்ளை" சண்டை பெரும்பாலும் சுடுதண்ணீரில்தான் கிளம்பும். தலை துவட்டியதும் சாம்பிராணி போடுவீர்கள். கதவைத் திறந்து வைத்துப் போடுங்கள், கரிச்சட்டியை உடனே வெளியே எடுத்துவிடுங்கள்.

உதகை: இட்லி மாவு பொங்கவே மாட்டேங்குது.

குளிர்தான் காரணம், உளுந்தைத் திட்டாதீர்கள். ஒன்றரை கிலோ இட்லி அரிசிக்கு 375 கிராம் உளுந்து, ஒரு டேபிள் ஸ்பூன் வெந்தயம். கீழ்நாட்டில் கிரைண்டர் சூடாகாமல் இருக்க ஐஸ் தண்ணீர் விடுவார்கள். நாம் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைக்க வேண்டும். உப்புப் போட்டுக் கையால் கரைத்து, பாத்திரத்தில் பாதிக்குமேல் போகாமல் ஊற்றுங்கள். மீன்கடைத் தெர்மாகோல் பெட்டிக்குள் அதை வைத்து, சுடுதண்ணீர் நிரப்பிய எவர்சில்வர் பாட்டில் இரண்டைப் பக்கத்தில், மாவுப் பாத்திரத்தில் ஒட்டாமல் நிறுத்தி மூடுங்கள். படுக்கப் போகுமுன் தண்ணீரை மாற்றுங்கள். 14 மணி நேரம் விடுங்கள். அவசரப்பட்டுச் சூடான அடுப்பு மேல் வைத்தால் அடிமாவு வெந்து கட்டியாகும்.

கொடைக்கானல்: மாவு புளிக்க என்ன செய்ய?

மேலே பார்க்கவும்.

வெலிங்டன்: எட்டுப் பிள்ளைகள் ஹாலில் படுக்கிறார்கள். ராத்திரி கரி அடுப்பு வைக்கலாமா?

கூடாது. கரி தணியத் தணிய கார்பன் மோனாக்சைடு வரும். வாசனை இல்லை, கண் எரியாது, தூக்கத்திலேயே உயிர் போகும். தரைக் குளிர் முதுகில்தான் ஏறும், அதனால் போர்வையைவிட விரிப்பைக் கூட்டுங்கள்: பாய், அதன்மேல் ஜமுக்காளம், அதன்மேல் மெத்தை. லீவுக்கு மட்டும் வரும் பிள்ளைக்கு ஒரு அலமாரித் தட்டும் பிரஷ்ஷும் நிரந்தரமாக இருக்கட்டும். பை பிரிக்காமலே நாலு நாள் கழிக்கிற பிள்ளை விருந்தாளியாகவே இருக்கும்.

கூடலூர்: மூத்தவளுக்கு அவள் அம்மா வழிப் பாட்டி 4,000 ரூபாய்ப் பாவாடை அனுப்பியிருக்கிறார். மற்ற இருவருக்கும் நாங்கள் எடுத்தது 900 ரூபாய்.

பார்சலை ஒளிக்காதீர்கள், கண்டுபிடித்துவிடுவார்கள். காலையில் வீட்டில் எடுத்தது, மூன்று பேருக்கும் ஒரே விலையில். அவளுக்கும் 900 ரூபாய்க்கு ஒன்று எடுங்கள். பாட்டி துணியை சாயங்காலம் அந்தப் பாட்டி வீட்டுக்குப் போகும்போது உடுத்தட்டும்.

உதகை, ஒரு பாட்டி: என் பேத்திக்கு நான் எடுத்ததைச் சாயங்காலம் வரை பூட்டி வைக்கச் சொல்ல நீங்கள் யார்?

பூட்டச் சொல்லவில்லைங்கம்மா. உங்கள் வாசலில் நீங்கள் பார்க்க உடுத்தி வரட்டும் என்கிறேன். மற்ற இரண்டுக்கும் ஒரு டப்பா மத்தாப்பு சேர்த்து அனுப்புங்கள், அந்த வீட்டில் உங்கள் பேச்சுக்கு மரியாதையே வேறு.

குன்னூர், ஒரு தாய்மாமன்: மூணும் ஒரே விலையில நிக்கணும்னா அது வீடா, யூனிஃபார்ம் போட்ட பள்ளிக்கூடமா?

நிறம், தினுசு அவரவர் இஷ்டம் மாமா. பில் மட்டும் ஒன்று. பத்து வயதுப் பிள்ளைக்கு விலைச்சீட்டு படிக்கத் தெரியும்.

அதே பாட்டி: மத்தாப்பு எத்தனை டப்பா?

தலைக்கு ஒன்று. மூத்தவளுக்கும் சேர்த்து மூன்று.

கொடைக்கானல்: கொண்டைக்கடலை வேகவில்லை.

2,000 மீட்டருக்கு மேல் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரம் வேண்டாம். சுடுதண்ணீரில் 12 மணி நேரம் ஊறவைத்து, குக்கரில் கீழ்நாட்டுக் கணக்கைவிட இரண்டு விசில் கூட விடுங்கள்.

கூடலூர்: மறுமணக் கணவர் சொத்தில் என் மகனுக்குப் பங்கு உண்டா?

இந்து வாரிசுச் சட்டப்படி தானாக வராது. உயிலோ தத்தோ வேண்டும். வக்கீலைப் பாருங்கள்.

கோவை: மேலே வர இ-பாஸ் வேண்டுமா?

வேண்டும். 2024 மே முதல் இருக்கிறது. டிஎன் 43, அதாவது நீலகிரிப் பதிவு வண்டிக்கு வேண்டாம்.

கோத்தகிரி: மாவு...

தெர்மாகோல் பெட்டி!

வெலிங்டன்: ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் கரி அடுப்பு?

கூடாதுங்க.

குன்னூர்: குளிக்கும் வரிசை வயதுப்படி என்றால் என் மாமனாரா, என் வீட்டுக்காரரின் முதல் மாமனாரா? இருவருக்கும் 74.

யார் முதலில் எழுந்திருக்கிறாரோ அவர். இரண்டு பேரும் மூன்று மணிக்கே எழுந்துவிட்டால் அண்டாவுக்கு விறகு தள்ளச் சொல்லுங்கள்.